ட்ரேடிங் போட்டில் இண்டிகேட்டரின் உச்சத்தையும் அடியையும் பிடிக்கும் லூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்எஸ்ஐ (விலையின் ஏற்ற இறக்க வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் இண்டிகேட்டர்) 70-ஐத் தாண்டிவிட்டதா என்று போட்டை (தானாக வாங்கி விற்கும் புரோகிராம்) பார்க்கச் சொல்வது ஒரே வரி வேலை. தாண்டியபின் எதுவரை ஏறியது, அந்த உச்சம் எந்த பாரில் (சார்ட்டில் ஒரு கால அளவின் விலையைக் காட்டும் குச்சி) வந்தது, அப்போது விலை எங்கே இருந்தது, இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும்போதுதான் சிக்கல் ஒவ்வொன்றாக வெளியே வரும். இங்கே உள்ள கேள்விகள் பெரும்பாலும் மெட்டாட்ரேடர் 4, 5 என்கிற ட்ரேடிங் மென்பொருளில் எக்ஸ்பர்ட் அட்வைசர் (அதில் ஓடும் போட்) எழுதுபவர்களுக்கானவை. பைதானுக்கும் ட்ரேடிங்வியூ தளத்தின் பைன் ஸ்கிரிப்ட்டுக்கும் பொருந்தும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன். கோட் வரிகளைத் தமிழிலேயே தந்திருக்கிறேன், உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி 20 பாரில் ஆர்எஸ்ஐயின் உச்சம் வேண்டும். ஐஹையஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, அதைக் கூப்பிட்டால் போதாதா?

போதாது. ஐஹையஸ்ட், ஐலோயஸ்ட் இரண்டும் ஓப்பன், ஹை, லோ, குளோஸ், வால்யூம், நேரம் ஆகியவற்றுக்குத்தான். இண்டிகேட்டரின் மதிப்புக்குள் அவை எட்டிப்பார்க்காது. அதோடு அவை திருப்பித் தருவது விலையை அல்ல, எத்தனையாவது பார் என்கிற எண்ணை. அந்த எண்ணையே விலை என்று எடுத்துக்கொண்டு ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்தும் விலை) கணக்குப் போட்ட கோட் நிறையவே சுற்றிக்கொண்டிருக்கிறது.

மெட்டாட்ரேடர் 4-ல் ஐஆர்எஸ்ஐ ஃபங்ஷனுக்கு ஷிஃப்ட் எண்ணை (இப்போதைய பாரிலிருந்து எத்தனை பார் பின்னால் என்பது) கொடுத்தால் அந்த பாரின் மதிப்பே நேராக வந்துவிடும். அதனால் லூப் இவ்வளவுதான்:

உச்சம் = ஆர்எஸ்ஐ[1]
இடம் = 1
எண் 2 முதல் 20 வரை:
— ஆர்எஸ்ஐ[எண்] > உச்சம் என்றால்
—— உச்சம் = ஆர்எஸ்ஐ[எண்]
—— இடம் = எண்

மெட்டாட்ரேடர் 5-ல் அதே பெயருள்ள ஃபங்ஷன் மதிப்பைத் தராது, ஒரு ஹேண்டிலைத்தான் (அந்த இண்டிகேட்டரைக் குறிக்கும் எண்) தரும். அதை ஆன்இனிட்டில் (போட் தொடங்கும்போது ஓடும் பகுதி) ஒரே ஒரு முறை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது காப்பிபஃபர் மூலம் அரேயில் இறக்கிக்கொள்ள வேண்டும். இறங்கிய பிறகு லூப்பே வேண்டாம், அரேமேக்ஸிமம் இருக்கிறது. ஆனால் 4-லிருந்து 5-க்குக் கோடைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இங்கே கட்டாயம் நின்று பார்க்க வேண்டும்: 4-ல் அரேமேக்ஸிமம் கேட்கும் வரிசை அரே, எத்தனை, எங்கிருந்து. 5-ல் அது அரே, எங்கிருந்து, எத்தனை. இரண்டுமே முழு எண்கள் என்பதால் கம்பைலர் வாயைத் திறக்காது. "20 பார், 1-லிருந்து" என்று நீங்கள் எழுதியது "20-லிருந்து ஒரே ஒரு பார்" ஆகிவிடும். போட் சமர்த்தாக ஓடும், தப்பான எண்ணோடு.

உச்சத்தைப் பூஜ்யத்தில் தொடங்கி லூப் ஓட்டுகிறேன். சரிதானே?

ஆர்எஸ்ஐ 0 முதல் 100 வரைதான் என்பதால் உச்சத்துக்கு அது ஒப்பேறும். அடியைத் தேடும்போது அதே பூஜ்யத்தில் தொடங்கினால் கடைசிவரை பூஜ்யமே நிற்கும். எம்ஏசிடி மாதிரி மைனஸுக்குள் போகும் இண்டிகேட்டரில் உச்சமும் கெட்டுப்போகும்: 20 பாரும் மைனஸில் இருந்தால் உச்சம் 0 என்று போட் நம்பிக்கொண்டிருக்கும்.

"இருப்பதிலேயே சிறிய எண்" என்று நினைத்து டிபிஎல்_மின் போடுகிறவர்களும் உண்டு. சி மொழியிலும் மெட்டாட்ரேடரின் எம்க்யூஎல் மொழியிலும் அது மிகச்சிறிய நேர்மறை எண், அதாவது பூஜ்யத்துக்கு ஒரு துளி மேலே. அதனால் மைனஸ் மதிப்புகளில் பூஜ்யம் போட்டால் வருகிற அதே கோளாறுதான் வரும். மைனஸ் டிபிஎல்_மேக்ஸ் போடுங்கள், அல்லது மேலே உள்ளதுபோல் முதல் பாரின் மதிப்பிலிருந்தே தொடங்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், எந்த இண்டிகேட்டராக இருந்தாலும் அதில் யோசிக்கவே வேண்டியதில்லை.

லூப்பை 0-வது பாரிலிருந்து தொடங்கலாமா, 1-லிருந்தா?

0 என்பது இன்னும் மூடாத பார். அதன் ஆர்எஸ்ஐ ஒவ்வொரு டிக்குக்கும் (புதிய விலை வரும் ஒவ்வொரு முறையும்) மாறும். நடுவில் 82 வரை தொட்டுவிட்டு 68-ல் மூடக்கூடும். 0-ஐச் சேர்த்துக்கொண்டு, உச்சத்தை ஒரு வேரியபிளில் வைத்திருந்தால் அந்த 82 அங்கேயே தங்கிவிடும். மறுநாள் சார்ட்டைத் திறந்து பார்த்தால் 82 எங்குமே இருக்காது, "போட் பொய் சொல்கிறது" என்று தோன்றும்.

மூடிய பாரை மட்டும் பாருங்கள், புதிய பார் பிறந்ததும் ஒரு முறை மட்டும் கணக்கிடுங்கள். 0-வது பாரின் தொடக்க நேரத்தைச் சேமித்து வைத்து, அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதே அதற்குப் போதும். ஸ்டாப்லாஸை நகர்த்துவது மாதிரி உடனடியாகச் செய்ய வேண்டிய வேலை இருந்தால் டிக் உச்சத்தைத் தனி வேரியபிளில் தனிப் பெயரோடு வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்று. "இப்போதைய மதிப்பு கடைசி 20 பாரின் உச்சத்தைத் தாண்டிவிட்டதா" என்று கேட்கும்போது அந்த 20-க்குள் இப்போதைய பாரும் இருந்தால் பதில் எப்போதுமே இல்லை என்றுதான் வரும், தன்னைவிடத் தானே பெரிதாக இருக்க முடியாதே. டான்சியன் சேனல் பிரேக்அவுட் (கடைசி சில பாரின் உச்சத்தை விலை தாண்டினால் வாங்கும் முறை) எழுதுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. பைதானின் பாண்டாஸில் ரோலிங் மேக்ஸ் எடுத்தால் பின்னாலேயே ஷிஃப்ட் 1 போட மறக்காதீர்கள்.

"70-க்கு மேல் போனபிறகு வந்த உச்சம்" வேண்டும். கடைசி 20 பார் என்றில்லை. எப்படி எழுதுவது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். உச்சத்தைக் கண்டுபிடிப்பது எளிது. எங்கிருந்து எதுவரைக்குமான உச்சம் என்று முடிவு செய்வதுதான் வேலை, அதைக் கோட் எழுத உட்காரும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

15 நிமிட சார்ட்டில் மூடிய பார்களின் ஆர்எஸ்ஐ இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 64, 71, 76, 79, 74, 69, 72, 66, 55, 48.

பலரும் எழுதுவது: 70-க்கு மேல் போனால் கணக்கைத் தொடங்கு, 70-க்குக் கீழே வந்தால் முடி. அப்படிச் செய்தால் முதல் அலை 71-ல் தொடங்கி, 79-ஐ உச்சமாகக் கொண்டு, 69-ல் முடிந்துவிடும். அடுத்த பாரிலேயே 72 வருகிறது, உடனே இரண்டாவது அலை, உச்சம் 72. டைவர்ஜன்ஸ் (விலை புதிய உச்சம் தொட்டும் ஆர்எஸ்ஐ தொடாத நிலை) தேடும் போட்டாக இருந்தால் "முதல் உச்சம் 79, இரண்டாவது 72, விலை இன்னும் மேலே" என்று சொல்லி விற்றுவிடும். ஆனால் நடந்தது ஒரே ஏற்றம், நடுவில் ஒரு பார் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

தொடங்கும் கோடும் முடியும் கோடும் வேறு வேறாக இருக்க வேண்டும். 70-க்கு மேல் மூடினால் அலை தொடங்கட்டும், 50-க்குக் கீழே மூடினால் முடியட்டும். மேலே உள்ள வரிசையில் இப்போது ஒரே அலை, உச்சம் 79, முடிவது 48-ல். பிறகு எப்போதாவது 71, 74, 73 என்று போய் மறுபடி 50-க்குக் கீழே இறங்கினால் அது உண்மையான இரண்டாவது அலை, அதன் உச்சம் 74. 79-ஐயும் 74-ஐயும் ஒப்பிடுவதில்தான் அர்த்தம் இருக்கிறது.

ஒவ்வொரு பார் மூடும்போதும்:
— அலை இல்லை, ஆர்எஸ்ஐ[1] > 70 என்றால்: அலை தொடங்கியது, உச்சம் = ஆர்எஸ்ஐ[1], விலையுச்சம் = ஹை[1]
— அலை நடக்கிறது என்றால்: ஆர்எஸ்ஐ[1] உச்சத்தைவிடப் பெரிதானால் உச்சத்தை மாற்று, ஹை[1] விலையுச்சத்தைவிடப் பெரிதானால் அதையும் மாற்று
— அலை நடக்கிறது, ஆர்எஸ்ஐ[1] < 50 என்றால்: இந்த உச்சங்களை முந்தைய அலையின் இடத்தில் எழுது, அலையை முடி

இதில் லூப்பே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பாருக்கு ஒரு ஒப்பீடு, அவ்வளவே. விலையுச்சத்தையும் ஆர்எஸ்ஐ உச்சத்தையும் தனித்தனியாகப் பின்தொடர்வதற்குக் காரணம் உண்டு: ஆர்எஸ்ஐ உச்சம் தொட்ட பாரிலேயே விலையும் உச்சம் தொடும் என்பதில்லை, விலை ஓரிரண்டு பார் கழித்தும் தொடலாம். ஆர்எஸ்ஐ உச்ச பாரின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டால் டைவர்ஜன்ஸ் கணக்கு கோணலாகிவிடும்.

முடிவுக் கோடு 50-ஆகத்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதுமில்லை. 55, 60 வைத்தும் ஓட்டிப் பாருங்கள். 70-க்கு ரொம்பப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அதிகவிற்பனைப் பக்கத்துக்கு (விலை ரொம்ப இறங்கிய பக்கம்) 30, 50 என்று இதையே தலைகீழாக எழுதுங்கள், அடிக்கு வேறு வேரியபிள்களோடு.

ட்ரேட் எடுத்ததிலிருந்து வந்த உச்சம் வேண்டுமென்றால்?

பொசிஷன் திறந்த நேரத்தை எடுத்து ஐபார்ஷிஃப்ட்டிடம் கொடுங்கள், அது எத்தனையாவது பார் என்று சொல்லும். அதிலிருந்து 1 வரை லூப். திறந்த பாரிலேயே இன்னும் இருந்தால் எண் 0 வரும், மூடிய பார் ஒன்றுகூட இல்லை. அந்த நிலையை முதலில் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

திறந்த பாரின் ஹை உங்கள் என்ட்ரிக்கு முன்பே வந்திருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. உச்ச விலையிலிருந்து ஏடிஆரின் (ஒரு பாரில் விலை சராசரியாக நகரும் அளவு) 3 மடங்கு கீழே ஸ்டாப் வைக்கும் ஷாண்டலியர் எக்ஸிட் மாதிரி முறையில் இது நேரடியாகப் பணத்தில் தெரியும்: நீங்கள் பார்க்காத உச்சத்தை வைத்து ஸ்டாப் மேலே போய் உட்கார்ந்துவிடும். என்ட்ரி பாரை விட்டுவிட்டு அடுத்த பாரிலிருந்து தொடங்குவது எளிய வழி. அதுவரை என்ட்ரி விலையையே உச்சமாக வைத்துக்கொள்ளலாம்.

போட் நடுவில் நின்றுபோய் மறுபடி தொடங்கினால் உச்சம் மறந்துபோகிறதே?

மறக்கத்தான் செய்யும், வேரியபிள் மெமரியில் மட்டும் இருந்தால். விபிஎஸ் (போட் ஓடும் வாடகை சர்வர்) மறுபடி பூட் ஆகும், டெர்மினல் அப்டேட் ஆகும், ஆன்இனிட் மீண்டும் ஓடும். போட் அலையின் நடுவில் எழுந்து, தான் பார்த்த முதல் பாரையே உச்சம் என்று நினைத்துக்கொள்ளும்.

மூடிய பார்களை வைத்து நீங்கள் கணக்கிடும் எதையும் ஹிஸ்டரியிலிருந்து திரும்பக் கட்டிவிடலாம். ஆன்இனிட்டில் 500 பார் பின்னால் போய், பழையதிலிருந்து புதியதாக, மேலே சொன்ன அலைக் கணக்கை ஒவ்வொரு பாராக ஓட்டுங்கள். அதே ஃபங்ஷன்தான், ஒரு பாருக்குப் பதில் 500 முறை. இதற்காகவே அலைக் கணக்கை ஆன்டிக்குக்குள் அப்படியே எழுதாமல் "இந்த பாரைச் சேர்" என்று ஒரு தனி ஃபங்ஷனாக எழுதிவிடுங்கள். நல்ல போட்டுக்கும் மோசமான போட்டுக்கும் இங்கேதான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன். எதைச் சேமிக்கலாம் என்று யோசிப்பதைவிட எதைத் திரும்பக் கணக்கிடலாம் என்று யோசித்தால் பாதித் தொல்லை போய்விடும்.

டிக் உச்சத்தை மட்டும் அப்படி மீட்க முடியாது. அதை டெர்மினலின் குளோபல் வேரியபிளில் எழுதி வையுங்கள். கடைசியாகத் தொட்டதிலிருந்து 4 வாரம் அது இருக்கும். சிம்பலையும் மேஜிக் நம்பரையும் (போட் தன் ஆர்டர்களை அடையாளம் காண வைக்கும் எண்) பெயரில் சேர்த்துவிடுங்கள்.

ஒரே போட் பல சிம்பல்களைப் பார்க்கிறது. ஏதாவது கவனிக்கணுமா?

சிம்பலுக்கு ஒரு ஸ்ட்ரக்சர், பைதானில் சிம்பலுக்கு ஒரு டிக்‌ஷனரி. தங்கத்தின் உச்சம் யூரோவின் வேரியபிளில் போய் விழக்கூடாது, அவ்வளவுதான்.

உச்சம் என்று 2147483647 வருகிறது. இது என்ன எண்?

மெட்டாட்ரேடர் 4-ல் இண்டிகேட்டருக்கு அந்த பாரில் மதிப்பு இல்லை என்பதற்கான அடையாளம் அது, எம்ப்டி_வேல்யூ. 5-ல் அதே பெயருக்கு டிபிஎல்_மேக்ஸ். இரண்டுமே மலை மாதிரி பெரிய எண் என்பதால் உச்சம் தேடும் எந்த லூப்பும் முதலில் அதைத்தான் பிடிக்கும். ஜிக்ஜாகில் (விலையின் திருப்பங்களை மட்டும் கோடாக இணைக்கும் இண்டிகேட்டர்) நிலைமை நேர்மாறு, காலி இடங்களில் பூஜ்யம் இருக்கும், அதனால் அடியைத் தேடினால் பூஜ்யம் வரும். லூப்புக்குள் ஒப்பிடும் முன் ஒரு வரி சேருங்கள்: காலி என்றால் தாண்டிப்போ.

காப்பிபஃபர் கேட்டதைவிடக் குறைவாகத் தந்தாலோ மைனஸ் 1 தந்தாலோ அந்த பாரில் கணக்கே போடக்கூடாது. பைதானில் இதே வேலையை NaN என்கிற காலி எண் செய்கிறது. அது பெரிதா சிறிதா என்று எதோடு ஒப்பிட்டாலும் பொய் என்றுதான் விடை வரும், எனவே பட்டியலின் முதலிலேயே அது இருந்தால் மேக்ஸ் அதையே திருப்பித் தரும். நம்பை (NumPy) நூலகத்தின் nanmax-ஐப் பயன்படுத்துங்கள்.

நான் கணக்கிடும் ஆர்எஸ்ஐ சார்ட்டோடு ஒத்துப்போகவில்லை. ஃபார்முலா சரியாகத்தான் இருக்கிறது.

பழைய தரவு போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வெல்ஸ் வைல்டர் 1978-ல் ஆர்எஸ்ஐயை வெளியிட்டபோது தந்த சராசரி முறையில், 14 பார் ஆர்எஸ்ஐக்கு, ஒவ்வொரு புதிய சராசரியும் முந்தைய சராசரியின் 13 பங்கையும் புதிய மதிப்பின் 1 பங்கையும் சேர்த்து 14-ஆல் வகுத்தால் வருவது. அதாவது தொடக்க மதிப்பு முழுசாகப் போகவே போகாது, தேய்ந்துகொண்டே வரும். 14 பார் கழித்தும் அதன் தாக்கம் 35 சதவீதம் மிச்சம் இருக்கும், 100 பார் ஆகும்போது 0.1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 20 பாரின் உச்சம் வேண்டுமென்றால் 34 பார் ஏற்றினால் போதும் என்று கணக்கிட்டால் அந்த உச்சம் தப்பாகத்தான் வரும். 200 பார் ஏற்றிவிட்டு, கடைசி 20-ஐ மட்டும் பாருங்கள்.

பார் எண்ணிக்கை பெரிதாகும்போது லூப் மெதுவாகிறது.

நேரலையில் ஒரு பாருக்கு 500 ஒப்பீடு என்பது ஒன்றுமே இல்லை, விட்டுவிடுங்கள். ஆப்டிமைசேஷனில்தான் (பல அமைப்புகளைப் பழைய தரவில் ஓட்டிப் பார்ப்பது) வலிக்கும்: ஒரு லட்சம் பார், ஒவ்வொன்றுக்கும் 500 ஒப்பீடு என்றால் ஒரு ஓட்டத்துக்கு 5 கோடி, அது ஆயிரக்கணக்கான ஓட்டங்களுக்கு.

அங்கே டெக் என்கிற இருமுனை வரிசையைப் பயன்படுத்தலாம். புதிய மதிப்பு வரும்போது வரிசையின் பின்பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இருப்பவை எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள், அவற்றால் இனி எப்போதுமே உச்சமாக முடியாது. பிறகு புதியதைப் பின்னால் சேருங்கள். முன்பக்கத்தில் இருப்பதன் வயது 500 பாரைத் தாண்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். முன்னால் நிற்பதுதான் உச்சம். ஒவ்வொரு மதிப்பும் ஒரு முறை உள்ளே வருகிறது, அதிகபட்சம் ஒரு முறை வெளியே போகிறது, எனவே நீங்கள் 50 பாருக்குத் தேடினாலும் 5,000 பாருக்குத் தேடினாலும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பேக்டெஸ்ட்டில் (பழைய தரவில் ஓட்டும்போது) அள்ளிக்கொடுக்கிறது, லைவில் படுத்துவிடுகிறது. லூப்தான் காரணமா?

இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, உச்சம் என்று உங்களுக்குத் தெரியவந்த நேரமும் உச்சம் நடந்த நேரமும் ஒன்றா என்பது. பைன் ஸ்கிரிப்ட்டின் பிவட்ஹையில் (இருபக்கமும் உள்ள பார்களைவிட உயர்ந்த உச்சத்தைத் தேடும் ஃபங்ஷன்) வலப்பக்கம் 5 பார் என்று கொடுத்தால் உச்சம் நடந்து 5 பார் மூடிய பிறகே அது உறுதியாகும். சார்ட்டில் குறியைப் பின்னால் நகர்த்தி உச்ச பாரிலேயே வரைவதால் அங்கேயே விற்றிருக்கலாம் என்று கண்ணுக்குத் தோன்றும். ஜிக்ஜாகின் கடைசிக் காலோ விலை போகப்போக இடம் மாறிக்கொண்டே இருக்கும். முடிந்துபோன ஹிஸ்டரியில் அதன் உச்சங்களை லூப் போட்டு எடுத்து ட்ரேட் செய்தால் எதிர்காலத்தைப் பார்த்து ட்ரேட் செய்வதாகத்தான் அர்த்தம்.

பிறகு டெஸ்டரின் மோட். 0-வது பாரைத் தொடும் போட்டை "ஓப்பன் விலை மட்டும்" மோடில் ஓட்டினால் பாரின் நடுவே நடக்கும் எதுவும் அதற்குத் தெரியாது. மூடிய பாரை மட்டும் பார்க்கும் போட்டில் சிக்னல்கள் எந்த மோடிலும் ஒன்றாகவே வர வேண்டும். வரவில்லையா, எங்கோ 0-ஐத் தொடுகிறீர்கள்.

பைன் ஸ்கிரிப்ட்டில் உச்சத்தை வேரியபிளில் வைத்தால் லைவ் பாரில் காணாமல் போகிறது.

வார் என்று அறிவித்த வேரியபிள் பாருக்குப் பார் நினைவில் நிற்கும், ஆனால் நடப்பு பாரில் ஒவ்வொரு டிக்குக்கும் முன் அது பார் தொடக்கத்தில் இருந்த மதிப்புக்குத் திரும்பிவிடும். அது குறை இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். டிக்குக்கு டிக் நிற்க வேண்டுமென்றால் வாரிப். ஆனால் வாரிப் சேர்த்த டிக் உச்சம் ஹிஸ்டரி பார்களில் இருக்காது, பக்கத்தை ரீலோட் செய்தால் போய்விடும். டிஏ.ஹையஸ்ட் மாதிரி பழைய பார்களைப் பார்க்கும் ஃபங்ஷன்களை இஃப்புக்குள் வைக்காதீர்கள், எல்லா பாரிலும் வெளியே கூப்பிட்டு மதிப்பை வாங்கிக்கொண்டு, இஃப்புக்குள் அந்த மதிப்பை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு வேரியபிள் தப்பானால் அப்படி என்ன ஆகிவிடும்?

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் ஏறவில்லை. அதில் கிடந்த பழைய கோட் உயிர்பெற்றது. "கேட்ட பங்குகள் வாங்கி முடிந்தது, நிறுத்து" என்று எண்ணிக்கை வைத்துச் சொல்லும் பகுதி பல வருஷத்துக்கு முன்பே அந்தக் கோடிலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது. எண்ணிக்கை வந்து சேராததால் அது ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது. 45 நிமிடம், 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

உங்கள் உச்சக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதை நம்பாத இன்னொரு பூட்டு போட்டில் இருக்கட்டும்: ஒரு நாளைக்கு இத்தனை ஆர்டர், இவ்வளவு நஷ்டம், அதற்கு மேல் நிறுத்து. அந்த எண்ணிக்கையை உச்சக் கணக்கின் வேரியபிள்களிலிருந்து எடுக்காமல், கணக்கில் உள்ள உண்மையான ட்ரேட்களை எண்ணிக் கண்டுபிடியுங்கள்.

எல்லாம் எழுதியாகிவிட்டது. சரியாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே உச்சத்தை இரண்டு வழியில் கணக்கிடுங்கள். ஒன்று போட்டில் உள்ள வேகமான வழி, மற்றது ஒவ்வொரு பாரிலும் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிடும் முரட்டு லூப். இரண்டும் வேறுபடும் பாரில் நேரம், இரண்டு மதிப்பு, அலை நிலை ஆகியவற்றை அச்சிடச் சொல்லுங்கள். ஒரு வருட 15 நிமிடத் தரவில் ஓட்டுங்கள். அப்புறம் போட்டை வேண்டுமென்றே அலையின் நடுவில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், நிறுத்தாமல் ஓடியதன் உச்சமும் இதன் உச்சமும் கடைசி தசமம்வரை ஒன்றாக இருக்க வேண்டும். சமமான இரண்டு உச்சம் வந்தால் மட்டும் இடம் மாறித் தெரியலாம்: லூப் பழையதிலிருந்து புதியதாக ஓடி, பெரிதானால் மட்டும் மாற்று என்று இருந்தால் பழைய பார் நிற்கும், எதிர்த்திசையில் ஓடினால் புதிய பார் நிற்கும். இரண்டு லூப்பையும் ஒரே திசையில் ஓட்டினால் அந்த வித்தியாசமும் போய்விடும்.